புதிய பிராசஸர், பழைய மென்பொருள்

2003 செப்டம்பர் 23 அன்று ஏஎம்டி நிறுவனம் அத்லான் 64 பிராசஸரை வெளியிட்டது. விண்டோஸ் ஓடும் சாதாரண மேசைக் கணினிக்கென்று வந்த முதல் 64 பிட் பிராசஸர் அதுதான். 32 பிட் காலம் முடிந்தது, இனி வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. இதற்கேற்ற விண்டோஸே இன்னும் வரவில்லையே, எதற்கு அவசரம் என்றது இன்னொரு தரப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டதால், யார் சொன்னது சரி என்று இப்போது நிதானமாகப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு புது வகை பிராசஸர் வரும்போதும் இதே வாதம் திரும்ப எழுகிறது. இன்றைக்கு ஆர்ம் வகை லேப்டாப்களை வைத்து நடந்துகொண்டிருக்கிறது. பழைய வழக்குகளின் முடிவு தெரிந்திருந்தால், இன்று பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு அது உதவும்.

64 பிட்டால் கிடைக்கும் பெரிய லாபம் நினைவகம். 32 பிட் முகவரி 4 ஜிபி வரைதான் எட்டும். ஆனால் 2003இல் வீட்டுக் கணினிகளில் இருந்தது 256 எம்பியோ 512 எம்பியோதான். 4 ஜிபி போதவில்லை என்று தவித்தவர்கள் சர்வர் நடத்தியவர்களும் பெரிய தரவுத்தளங்களை வைத்திருந்தவர்களும். அத்லான் 64க்கு ஏற்ற விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பு 2005 ஏப்ரலில்தான் வந்தது. வந்த பிறகும் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் கிடைக்காமல் பலர் 32 பிட்டுக்கே திரும்பினார்கள். 64 பிட் விண்டோஸ் வீடுகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2009இல் விண்டோஸ் 7 வந்த பிறகு. ஆக, 64 பிட் வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த வசதியைத் தொட்டுப் பார்க்காமலே அடுத்த கணினிக்குப் போயிருப்பார்கள். ஆனாலும் வாங்கியது வீண் போகவில்லை. ரேமோடு பேசுகிற கட்டுப்பாட்டுச் சுற்று அதுவரை மதர்போர்டில் இருந்தது. ஏஎம்டி அதை பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது. அதனால் கையில் இருந்த பழைய 32 பிட் மென்பொருள்களே அதில் வேகமாக ஓடின. விளம்பரம் சொன்ன காரணம் ஒன்று, உண்மையில் கிடைத்த பலன் வேறொன்று.

அதே காலத்தில் இன்டெல் வேறு வழியில் போனது. ஹெச்பியும் இன்டெலும் 1994இல் கைகோத்து உருவாக்கத் தொடங்கிய இட்டானியம், 2001இல் சந்தைக்கு வந்தது. அதுவும் 64 பிட்தான். ஆனால் அதன் ஆணைத்தொகுதி முற்றிலும் புதியது. எந்த ஆணைகளை ஒரே சமயத்தில் நிறைவேற்றலாம் என்பதை பிராசஸர் தீர்மானிக்க வேண்டாம், நிரலை ஆணைகளாக மாற்றித் தரும் கம்பைலர் முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுக்கட்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். காகிதத்தில் அழகான எண்ணம். ஆனால் அப்படிக் கொடுக்கும் கம்பைலரை எழுதுவது பெரும்பாடாக இருந்தது. அதைவிட முக்கியம், உலகம் முழுக்கப் புழங்கிவந்த பழைய நிரல்கள் அதில் இழுத்து இழுத்து ஓடின. 2004இல் இன்டெலே ஏஎம்டியின் 64 பிட் முறையைத் தன் பிராசஸர்களில் சேர்த்துக்கொண்டது. இட்டானியம் 2021இல் கடைசியாக அனுப்பப்பட்டதோடு முடிந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் எண்ணம் உறுதிப்பட்டது. புது வகை பிராசஸருக்கு மாறலாமா என்ற கேள்விக்கு அந்த பிராசஸரிடம் பதில் கிடையாது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளிடம்தான் இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் நிரல், இன்று இருக்கும் நிலையிலேயே, அதில் எப்படி ஓடுகிறது? நாளைக்கு வரப்போகும் நிரலுக்காக இன்று காசு கொடுப்பவர் பெரும்பாலும் அடுத்தவருடைய வளர்ச்சிக்குத்தான் முதலீடு செய்கிறார்.

இன்னும் பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். இன்டெல் 80386 பிராசஸரை 1985 அக்டோபரில் அறிவித்தது. இன்டெலின் பிசி பிராசஸர் வழியில் வந்த முதல் 32 பிட் பிராசஸர், 2,75,000 டிரான்சிஸ்டர்கள். 1986இல் காம்பாக் நிறுவனம் ஐபிஎம்மை முந்திக்கொண்டு அதில் ஒரு கணினியை வெளியிட்டது. விலை 6,499 டாலர். வாங்கியவர்கள் அதில் எதை ஓட்டினார்கள்? டாஸ். அதாவது 16 பிட் மென்பொருளை வேகமாக ஓட்டும் இயந்திரமாகத்தான் அது பல ஆண்டுகள் உழைத்தது. 386இன் திறனை ஓரளவு பயன்படுத்திய விண்டோஸ் 3.0 வந்தது 1990இல். 32 பிட் நிரல்களைப் பொதுமக்களிடம் கொண்டுபோன விண்டோஸ் 95 வந்தது 1995இல். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே பத்தாண்டு. அதே 1995 நவம்பரில் வந்த பென்டியம் புரோ எதிர்த் திசையில் தவறியது. 32 பிட் நிரலில் அபாரம்; அலுவலகங்களுக்கான விண்டோஸ் என்டியில் சாதாரண பென்டியத்தை எளிதாக முந்தியது. ஆனால் விண்டோஸ் 95க்குள் இன்னும் ஏராளமான 16 பிட் நிரல் இருந்தது. அதில் விலை குறைந்த சாதாரண பென்டியமே அதற்கு ஈடுகொடுத்தது, சில இடங்களில் முந்தியும் போனது. ஒரே பிராசஸர், என்டி வைத்திருந்தவருக்கு நல்ல வாங்கல், 95 வைத்திருந்தவருக்கு வீண் செலவு.

இந்த வரலாற்றில் ஒரு நிறுவனம் பாடம் படித்துக்கொண்டு வந்தது என்றால் அது ஆப்பிள். 1994இல் மோட்டோரோலா 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசிக்கும், 2006இல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கும் மாறிய அனுபவம் அதற்கு இருந்தது. 2020 நவம்பர் 10 அன்று எம்1 சிப் உள்ள மூன்று கணினிகளை அறிவித்தபோது, பழைய இன்டெல் நிரல்களை மொழிமாற்றி ஓட்டும் ரோசெட்டா 2 கூடவே வந்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல கோர்கள் ஒரே நினைவகத்தில் எழுதும்போது, ஒரு கோர் எழுதியவை மற்ற கோர்களுக்கு எந்த வரிசையில் தெரியவரும் என்பதில் இன்டெலுக்குக் கண்டிப்பான விதி உண்டு. எம்1 சேர்ந்த ஆர்ம் வகையில் அந்த விதி தளர்வு. இன்டெலுக்கு எழுதிய நிரலை ஆர்ம் பிராசஸரில் பிசகாமல் ஓட்ட வேண்டுமானால், அடிக்கடி நிறுத்தி வரிசையைச் சரிபார்க்கும் ஆணைகளை இடையில் சேர்க்க வேண்டும். வேகம் அங்கேயே போய்விடும். ஆப்பிள் என்ன செய்தது என்றால், இன்டெலின் வரிசை விதிக்கு மாறிக்கொள்ளும் வசதியை எம்1 சிப்பின் சிலிக்கனிலேயே வைத்துவிட்டது. மொழிமாற்றிய நிரல் ஓடும்போது அந்த வசதி இயங்கும், மற்ற நேரத்தில் இயங்காது. பழைய நிரலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து வடிவமைத்த புது வகை பிராசஸர் அபூர்வம். அதனால்தான் பல நிரல்கள் மொழிமாற்றத்துக்குப் பிறகும் பழைய இன்டெல் மேக்புக் ஏரைவிட வேகமாகவே ஓடின.

அப்படியிருந்தும் எல்லாருக்கும் முதல் நாளே வாங்கத் தகுந்ததாக எம்1 இருக்கவில்லை. 16 ஜிபிக்கு மேல் ரேம் கிடையாது. லேப்டாப்களில் வெளித் திரை ஒன்றுதான் இணைக்கலாம். அதே கணினியில் விண்டோஸையும் நிறுவிக்கொள்ள உதவிய பூட் கேம்ப் போய்விட்டது. போட்டோஷாப்பின் எம்1 பதிப்பு 2021 மார்ச்சிலும், மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் டாக்கரின் நிலையான பதிப்பு ஏப்ரலிலும் வந்தன. இணையம், எழுத்து, மின்னஞ்சல் என்று இருப்பவருக்கு நவம்பரிலேயே வாங்கியது லாபம். டாக்கரை நம்பிப் பிழைப்பவருக்கு ஐந்து மாதம் பொறுத்தது லாபம். மேலும், மொழிமாற்றி என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பவர்பிசி நிரல்களுக்கான முதல் ரோசெட்டாவை ஆப்பிள் 2011இல் எடுத்துவிட்டது. ரோசெட்டா 2க்கும் முழு ஆதரவு மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025இல் அறிவித்துவிட்டது. தயாரித்த நிறுவனமே மூடிவிட்ட பழைய நிரல் ஒன்றை நம்பி இருப்பவர் இந்தக் கெடுவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் பக்கம் ஆர்ம் வந்த பாதை கரடுமுரடானது. 2012இல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி என்று ஒன்றை விற்றது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும்; ஆனால் பழைய விண்டோஸ் நிரல் எதையும் நிறுவ முடியாது. அடுத்த ஆண்டே அந்தச் சரக்கின் மதிப்பில் 90 கோடி டாலரை நிறுவனம் நஷ்டக் கணக்கில் எழுதியது. அதிலிருந்து கற்றுக்கொண்டு, 2024 ஜூன் 18 அன்று குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் உள்ள லேப்டாப்கள் வந்தபோது, பிரிசம் என்ற மொழிமாற்றியும் வந்தது. பெரும்பாலான பழைய நிரல்கள் ஓடுகின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது, சூடு குறைவு, சார்ஜர் பிளக்கைப் பிடுங்கினாலும் வேகம் குறைவதில்லை. இவை உண்மையான நன்மைகள். ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவருக்குப் பெரிய நன்மைகள்.

ஆனால் மொழிமாற்றி எட்டாத இடம் ஒன்று இருக்கிறது: டிரைவர். இயங்குதளத்தின் உள்ளடுக்கில் ஓடும் டிரைவர்களை பிரிசம் மொழிமாற்றாது. அவற்றை ஆர்முக்கென்றே தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். இது காகிதத்தில் சின்ன விஷயமாகத் தெரியும். நம் ஊரில் ஒரு ஆடிட்டர் அலுவலக மேசையை நினைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யுஎஸ்பியில் செருகியிருக்கும். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கும். இ-சேவை மையமாக இருந்தால் ஆதாருக்குக் கைரேகைக் கருவி வேறு. இவற்றில் ஒன்றுக்கு ஆர்ம் டிரைவர் இல்லாவிட்டாலும் அந்த லேப்டாப் அந்த மேசைக்கு உதவாது. பிராசஸர் எத்தனை வேகமாக இருந்தாலும் சரி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் பழைய தமிழ்த் தட்டச்சுச் செயலிகளையும் இன்னும் விடாமல் வைத்திருக்கும் அச்சகங்களும் டிடிபி மையங்களும் இதையே யோசிக்க வேண்டும். விசைப்பலகைச் செயலிகள் விண்டோஸின் உள்ளே ஊடுருவி வேலை செய்பவை என்பதால், ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. டோக்கனைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே செருகி, கையொப்பம் இடும் திரை வரை போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதுதான் சரியான வழி. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் விஷயத்தில் பொறுத்தவர்களுக்கு வேறொரு பலனும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து, 2024 செப்டம்பரில், இன்டெல் தன் கோர் அல்ட்ரா 200வி பிராசஸர்களை வெளியிட்டது. பேட்டரி விஷயத்தில் ஆர்ம் லேப்டாப்களோடு போட்டி போடக்கூடியவை. பழைய நிரலும் பழைய டிரைவரும் மொழிமாற்றமே இல்லாமல் ஓடுபவை. புது வகை ஒன்று வந்தால், பழைய வகையைச் செய்பவர் சும்மா இருப்பதில்லை. புதியதை வாங்காதவருக்கும் புதியதால் லாபம் வருகிறது.

முதல் வரிசையில் நின்று வாங்குவதன் ஆபத்து பற்றி எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஆபத்தின் உருவத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது புரியும். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் விடை 1.33382 என்று தொடங்க வேண்டும். 1993இல் வெளிவந்த பென்டியம் பிராசஸரில் 1.33373 என்று வந்தது. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. பகா எண் இணைகளைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1994இல் இதைக் கண்டுபிடித்தார். சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை நேரும் என்று இன்டெல் சமாதானம் சொல்லிப் பார்த்தது. யாரும் ஏற்கவில்லை. அந்த டிசம்பரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு, 47.5 கோடி டாலரை அதற்கு ஒதுக்கியது.

பிழை பிராசஸரிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் அருமையானவை. ஆனால் மாத முடிவுக்குள், கூட வந்த சிப்செட்டில் சில சாட்டா இணைப்புகள் நாளடைவில் பழுதாகும் என்று தெரிந்து, இன்டெல் அனுப்புவதை நிறுத்தியது. அப்போது மதர்போர்டு வாங்கியிருந்தவர்கள் மாற்றித் தரும் வரை அலைய வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவை சில மாதம் பொறுத்தால் தப்பித்துவிடக்கூடிய பிழைகள். பொறுத்தாலும் தப்ப முடியாதவையும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்டெலின் 13ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்கள் 2022இல் வந்தன, 14ஆம் தலைமுறை 2023இல். அவற்றில் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொண்டன. விளையாடும்போது கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு நிரல் விழும். கிராபிக்ஸ் கார்டில்தான் கோளாறு என்று பலர் அதைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது; ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது குணப்படுத்தாது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆகவே பொறுமை பாதிப் பாதுகாப்புதான். மீதிப் பாதுகாப்பு பில்லும் வாரண்டியும். ரொக்கத்துக்கு விலை குறைத்துத் தருகிறேன், பில் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் புத்தம்புது பிராசஸர் வாங்குவது போன்ற அறியாமை வேறில்லை.

மேசைக் கணினியில் பிராசஸரின் விலை தனியாக நிற்காது. சாக்கெட் மாறினால் மதர்போர்டு மாற வேண்டும். டிடிஆர்5 மட்டும் ஏற்கும் போர்டு என்றால் கையில் உள்ள டிடிஆர்4 ரேம் பயன்படாது. 2003இல் அத்லான் 64ஐ வாங்கியவர்கள் சாக்கெட் 754இல் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே சாக்கெட் 939 வந்துவிட்டது. 2005இல் வந்த இரட்டை கோர் பிராசஸர் எதையும் பழைய போர்டில் போட முடியவில்லை. அதே ஏஎம்டி 2017இல் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசனை விற்றபோது, 2020 வரை இதே சாக்கெட் என்று வாக்குக் கொடுத்தது. அந்த முதல் ஆண்டுப் போர்டுகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தால், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர்கூட வேலை செய்தது. போர்டையும் ரேமையும் தொடாமல் ஐந்தாண்டு தாண்டுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சேமிப்பு. புது வகை வாங்குவதென்றே முடிவெடுத்தால், அந்த சாக்கெட்டின் முதல் ஆண்டில் வாங்குவதற்கு இருக்கும் ஒரே நியாயம் இதுதான். கடைசி ஆண்டில் வாங்குகிறவருக்கு மலிவும் நிலைத்தன்மையும் கிடைக்கும், மேலே ஏற வழி கிடைக்காது. மேலே ஏறும் எண்ணமே இல்லாதவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு ஆகாது. உங்கள் அன்றாட வேலையில் எது பொறுமையைச் சோதிக்கிறதோ அதைத் தொடங்கிவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். காத்திருக்கும் அந்த நேரத்தில் சிபியு 15 சதவீதத்தில் கிடந்து, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், தேவை எஸ்எஸ்டி. மெமரி 95 சதவீதம் காட்டினால் தேவை ரேம். சிபியு கிராஃபை கோர் கோராகப் பிரித்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே உண்டு. மொத்தம் 12 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, ஒரே ஒரு கோர் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால், உங்கள் நிரல் ஒரு கோரைத்தான் பயன்படுத்தத் தெரிந்தது. அதற்கு 16 கோர் பிராசஸர் வாங்கினாலும் நிலைமை மாறாது; ஒற்றைக் கோரின் வேகம் கூடிய பிராசஸர் வேண்டும். எல்லா கோர்களும் நிரம்பி வழிந்தால் மட்டுமே கூடுதல் கோர்கள் கைகொடுக்கும். ஜீன் அம்டால் 1967இலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார்: பத்து நிமிட வேலையில் பிராசஸரின் பங்கு இரண்டு நிமிடம் என்றால், இருமடங்கு வேகமான பிராசஸர் அதை ஒன்பது நிமிடமாக்கும், அவ்வளவுதான். வீடியோ ஏற்றுமதி செய்பவர், பெரிய நிரல்களைக் கம்பைல் செய்பவர், முப்பரிமாணப் படங்களை உருவாக்குபவர் ஆகியோரின் பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் பிராசஸருடையது. அவர்கள் சீக்கிரம் மாறலாம். மாறுவதில் அவர்களுக்கு நேரமும் வருமானமும் இருக்கின்றன. டாலியும் எக்ஸெலும் பிரவுசருமாக நாளைக் கழிப்பவரின் கணக்கு வேறு.

செயற்கை நுண்ணறிவுக்கென்று பிராசஸருக்குள் என்பியு என்ற தனிப் பகுதியை இப்போது சேர்த்துத் தருகிறார்கள். கோபைலட் பிளஸ் என்ற முத்திரை பெற, அது நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்தாக வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. இதைப் பார்க்கும்போது எனக்கு 2003இன் 64 பிட்தான் நினைவுக்கு வருகிறது. மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாட்ஜிபிடி போன்ற சேவைகள் எங்கோ இருக்கும் சர்வர்களில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு உங்கள் மடியில் உள்ள என்பியு தேவையில்லை. அது இருப்பதால் தீங்கு இல்லை. அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பதற்கு, அதைப் பயன்படுத்தும் நிரல் ஒன்றின் பெயரை உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறியே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை வீட்டுப் பயனர்கள் 2026 அக்டோபர் வரை பெறலாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது, பெரும்பாலும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏழாம் தலைமுறைக் கணினிகளைக்கூட அந்த ஒரு கோடு ஒதுக்கிவிட்டது. வேகத்துக்காக அல்லாமல் பாதுகாப்புக்காக மாறுகிறவர்கள் இவர்கள். கடையில் முன்வரிசையில் வைத்திருக்கும் புது வகை இவர்களுக்குத் தேவையே இல்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை, எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் போட்டு வாங்கினால், கணக்கு எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் அது தாராளமாகப் போதும். வாங்கும் முன், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இருக்கிறதா, பயோஸில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கணினியையும் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் நிறுவினால், இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் அது இன்னும் உழைக்கும்.